வண்டிக்கு ஒரு ஈசிஜி

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஈசிஜி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் புருஷனுக்கு லாரி செட்டில் நிதானம் என்று பெயர். லாரி நிறையச் சரக்கோடு மலை இறங்கினாலும் பக்கத்தில் இருப்பவன் கையிலுள்ள டீ தளும்பாது என்று யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. வைத்த புண்ணியவான் இப்போது வந்து பார்க்க வேண்டும். தார்ப்பாய் கட்ட லாரி மேல் ஏறியவர் வழுக்கி விழுந்து, தொடை வரை மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து குட்டி போட்ட பூனை மாதிரி அலைகிறார். உட்கார்ந்தார் என்பதும் பேச்சுக்குத்தான். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் போவார், அங்கிருந்து சமையலறைக்கு, அங்கே ஃபிரிட்ஜைத் திறந்து எதையும் எடுக்காமல் மூடுவார், திரும்பவும் ஜன்னல். நடுநடுவே ஸ்கேலைக் கட்டுக்குள் விட்டுச் சொறிவார். கீழ்வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், அதனால் இன்னும் சண்டைக்கு வரவில்லை.

இந்தக் கதை அவர் காலைப் பற்றியதல்ல, அவள் காலைப் பற்றியது. அப்படித்தான் அந்த வீட்டில் இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு லைசென்ஸ் இருந்தது. ஆனால் வீட்டில் ஒரு நிதானம் இருக்கும்போது வேறு யார் ஸ்டியரிங்கைத் தொடுவது? லைசென்ஸ் பீரோவில் தூங்கியது. அவர் கால் முறிந்த பிறகுதான் அது வெளியே வந்தது. பழைய சின்னக் கார். முதல் வாரம் பயந்து பயந்து ஓட்டினாள். அப்புறம் காய்கறிக் கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, மழையில், நெரிசலில் என்று எங்கும் போய்வந்தாள். வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. கட்டைப் பரிசோதிக்க அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் மட்டும் ரவுண்டானாவில் நுழையும்போதோ சிக்னலுக்கு முன்னாலோ எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிடும். பின்னால் ஹாரன், பக்கத்தில் அவர்.

"க்ளட்ச்ச விட்டுட்ட."

"விடலங்க. வண்டிலதான் ஏதோ கோளாறு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

முதல் தடவை சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் காட்டினாள். மெக்கானிக் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்லக்கா, ஜம்முனு ஓடுது" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தான். கூட வேலை பார்க்கும் லேப் டெக்னீஷியனிடமிருந்து தீப்பெட்டிக்கு அண்ணன் மாதிரியிருந்த வண்டிக் கோளாறு சொல்லும் ஒரு சின்ன ஸ்கேனரை இரவல் வாங்கி வந்து காரில் செருகினாள். அது ஒரு நம்பரைக் காட்டியது. பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று அதற்கு அர்த்தமாம். நிதானம் அதைப் பார்த்துவிட்டு, சைலன்சர் குழாயில் இருக்கும் சென்சார்தான் போயிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, புதுசு வரவழைத்து, கட்டுக்காலை நீட்டிக்கொண்டு தரையில் படுத்துத் தானே மாற்றினார். விரல் முட்டியில் சூடு பட்டதுதான் மிச்சம். அடுத்த முறை அவரை ஏற்றிக்கொண்டு போனபோது வண்டி அதே ரவுண்டானாவில் நின்றது.

"பார்ட்டு புதுசு," என்றார். "பழைய கோளாறு ஒண்ணுதான் பாக்கி. அது ஸ்டியரிங்குக்குப் பின்னாடி உக்காந்திருக்கு."

கொடுமை என்னவென்றால் அவளும் அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். தனியாகப் போனால் ஓடுகிறது. ஆஸ்பத்திரிப் பெரிய சிஸ்டரை ஒரு நாள் முன் சீட்டில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டபோதும் ஓடியது. அவர் ஏறினால்தான் நிற்கிறது. அப்படியானால் வண்டியிலா குறை? அவர் பார்க்கிறார் என்றதும் தன் கால்தான் நடுங்குகிறது, தனக்குத் தெரியாமலே தப்பு செய்கிறது என்று அவளே ஒரு கணக்குப் போட்டுவிட்டாள். நாள் முழுக்க மற்றவர்களுடைய படபடப்பைத் தாளில் எடுத்துக் கொடுப்பவள், தன் படபடப்புக்குத் தாளே இல்லாமல் தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

வெறும் ரோஷம் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஊருக்கு வெளியே புறவழிச் சாலையைத் தாண்டி ஒரு புது இருதயக் கிளினிக் திறக்கிறார்கள். ஈசிஜி அறைக்கு அவளையே பொறுப்பாகக் கேட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் யாரோ ஒருவர் கீழேயே வேலை பார்த்தவளுக்குத் தன் அறை, தன் மெஷின்கள். காலையில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கார் இருந்தால்தான் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் வந்து காரை எடுத்துக்கொண்டு போவதாக நிதானம் போனில் பேசி முடித்துவிட்டார்.

"யாரக் கேட்டுப் பேசினீங்க?"

"உன்னக் காப்பாத்தத்தான். என்னைக்காவது லாரிக்கு முன்னாடி நின்னுடுச்சின்னா? பின்னாடி வர்றவன் என்ன மாதிரி ஆளா இருக்கணுமே."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். சாம்பாரில் உப்புப் போட்டோமா என்று மறந்துபோய் இன்னொரு தடவை போட்டாள். அன்று இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் அதைச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் ஈசிஜி அறையில் ஒரு வாத்தியார் படுத்திருந்தார். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்பது அவர் புகார். தாளில் ஒன்றுமில்லை. அழகான கோடு.

"அப்போ எனக்கு ஒண்ணுமில்லையாம்மா? வீட்டுல சொல்ற மாதிரி எல்லாம் மனப்பிரமைதானா?"

"படுத்திருக்கும்போது ஒண்ணுமில்ல சார். நீங்க இங்க படி ஏறலையே."

வழக்கமாகச் சொல்லும் பதில்தான். நாள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு திரியும் பதிவுப் பெட்டியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டு, படி ஏறுங்கள், வீட்டில் சண்டை போடுங்கள், எப்போதும் போல இருங்கள் என்று சொல்லியனுப்பினாள். அவர் வாசல் தாண்டிய பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. காருக்கு இதுவரை எடுத்ததெல்லாம் படுக்கவைத்து எடுத்த ஈசிஜி. நம்பர் சொல்லும் கருவி வேண்டாம். ஓடும்போது கூடவே இருந்து பதிவு செய்கிற கருவி வேண்டும்.

அதிலிருந்து அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் போனை எடுத்து, கார் ஸ்கேனர் வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் படித்தாள். ஒருவன் கடவுளே நேரில் வந்தார் என்கிறான், அடுத்தவன் அதே கருவியைக் குப்பையில் போட்டேன் என்கிறான். சிலது புது வண்டிகளோடு மட்டும்தான் பேசுமாம். சிலது பதிவு செய்யும், ஆனால் வண்டி நின்ற பிறகு அதைத் திரும்பக் காட்டாதாம். பெரிய சிஸ்டர் எட்டிப் பார்த்து, "என்ன அக்கா, பொண்ணு பாக்கற மாதிரி இப்படிப் பாத்துட்டிருக்க?" என்றார்.

"மாப்பிள்ளை சிஸ்டர். வாய் கம்மியாவும் காது ஜாஸ்தியாவும் இருக்கணும். கெடைக்க மாட்டேங்குது."

சாயங்காலம் உதிரிபாகக் கடைக்குப் புறப்பட்டபோது நிதானமும் வருவேன் என்று நின்றார். வீட்டுக்குள் இருந்து இருந்து அவருக்குக் கடைத்தெருவே திருவிழாவாகத் தெரிந்தது. முன் சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளி, மாவுக்கட்டை நீட்டி, ஊன்றுகோலைக் கதவுக்கும் தொடைக்கும் நடுவில் செருகி, ஒருவழியாக உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்ட் சிக்னலில் வண்டி நின்றது. இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், அது இன்னும் மோசம்.

கடைக்காரர் நல்ல வியாபாரி. நிதானத்தின் கண் எங்கே போகிறது என்று பார்த்து, நாலு மூலையிலும் ரப்பர் வைத்த, பலகை மாதிரி ஒரு பெரிய ஸ்கேனரை எடுத்து மேஜையில் வைத்தார். ஒர்க்‌ஷாப்காரர்கள் வைத்திருப்பது. எஞ்சின், பிரேக், ஏர்பேக் என்று எல்லாவற்றையும் படிக்கும், சாவிகூடப் புதிதாகச் செய்யும் என்றார். நிதானம் அதை மடியில் வைத்துக்கொண்டு பட்டன் பட்டனாக அமுக்கினார். கால் முறிந்த பிறகு அந்த முகத்தில் அவள் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

"எடுத்தா இத எடுக்கணும்," என்றார். "வேலைன்னா வேலை மாதிரி இருக்கணும்."

"நம்ம வீட்டுல எத்தன கார் இருக்கு?" என்றாள். கடைக்காரரிடம் திரும்பி, "ஓடிட்டே இருக்கும்போது பதிவு பண்ணி, அப்புறமா கோடு போட்டுக் காட்டற மாதிரி எது இருக்கு?"

"பதிவு எதுக்கும்மா? நம்பர் வந்தா அந்தப் பார்ட்ட மாத்திட வேண்டியதுதானே."

"மாத்தியாச்சு. இவர் கையில சூடு பட்டதுதான் மிச்சம்."

கடைக்காரர் சின்னதாக இரண்டு மூன்றை எடுத்துப் போட்டார். திரையே இல்லாதவை. வண்டியில் செருகிவிட்டால் போனோடு பேசும், கோடெல்லாம் போனில் வரும். அவள் பணத்தை எடுக்கவில்லை, சாவியை எடுத்தாள். எங்கள் வண்டியோடு பேசுகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவேன் என்றாள். முதலாவது ஸ்டியரிங்குக்குக் கீழே பச்சை விளக்கு எரியவிட்டுக்கொண்டு சும்மா இருந்தது, வண்டியோடு ஒட்டவே இல்லை. இரண்டாவது ஒட்டியது. ஆனால் எஞ்சின் வேகம் மாறி வெகு நேரம் கழித்துத்தான் போனில் மாறியது. கூப்பிட்டால் மறுநாள் திரும்பிப் பார்க்கும் பியூன் மாதிரி. மூன்றாவதைச் செருகி ஆக்ஸிலேட்டரைத் தொட்டாள். கால் அசையும்போதே கோடும் அசைந்தது. இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரே சமயத்துல ரொம்ப ஐட்டம் கேக்காதீங்க, திணறும்," என்றார் கடைக்காரர். "நாலு போதும்."

நாலு போதும்தான். ஆக்ஸிலேட்டர், எஞ்சின் வேகம், வண்டி வேகம் என்று மூன்றைத் தேர்ந்தெடுத்தாள். நாலாவதாகப் பெட்ரோல் அளவு. தொட்டியைக் காய விடுகிறாய் என்று அவர் ஓயாமல் வைவார், அந்த வசவுக்கும் ஒரு சாட்சி இருக்கட்டும் என்று போட்டாள். வேறு காரணம் ஒன்றுமில்லை.

நிதானம் பெரிய பலகையை மனசில்லாமல் திருப்பிக் கொடுத்தார். "இந்தக் குண்டுமணி என்னத்தச் சொல்லப்போகுது?"

"என் கால் என்ன பண்ணுதுன்னு சொல்லும். என் கால்லதான் தப்புன்னா, ஞாயித்துக்கெழம நானே உங்க தங்கச்சி கையில சாவியக் குடுக்கறேன். அந்த வேலையும் வேணாம்."

"இல்லன்னா?"

"இல்லன்னா வண்டில நீங்க வாயே தெறக்கக் கூடாது."

வாய் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துவிட்டுத்தான் அவர் சரி என்றார்.

வியாழக்கிழமை கட்டைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அவள் கருவியைச் செருகி, பதிவை ஓடவிட்டு, போனைக் கியர் பக்கத்துக் குழியில் கவிழ்த்து வைத்தாள். யாரோ தன் காலைப் பரீட்சைக்கு உட்கார வைத்துவிட்ட மாதிரி இருந்தது. வாத்தியாரிடம் எப்போதும் போல இருங்கள் என்று சொன்னது எவ்வளவு அநியாயம் என்று அப்போதுதான் புரிந்தது. போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் கட்டைத் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்ச காலம் பொறுக்க வேண்டும், அதற்குப் பிறகும் லாரி ஏறுவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் நிதானம் சீட்டில் நெளிந்துகொண்டே இருந்தார். ஸ்கேலை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

ரவுண்டானா வந்தது. குறுக்கே ஒரு வேன் போனது. அவள் வேகத்தைக் குறைத்தாள். "ஏய் பாத்து," என்றார் அவர், வழக்கம் போல. எஞ்சின் குலுங்கியது, நின்றது.

பின்னால் ஹாரன் கிளம்பியது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போதும். வீட்டுக்குப் போனதும் சாவிய என்கிட்டக் குடு," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சாவியைத் திருகினாள், வண்டி கிளம்பியது, கிளம்பாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினாள்.

குடியிருப்பின் கார் நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவள் எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவரும் இறங்கவில்லை. போனை நிமிர்த்த அவளுக்கு மனசு வரவில்லை. எத்தனையோ பேருடைய தாளை அவர்களுக்கு முன்னால் பார்த்திருக்கிறாள், தன் முகத்தில் ஒன்றும் காட்டாமல் மடித்து டாக்டரிடம் கொடுத்திருக்கிறாள். இங்கே கொண்டுபோய்க் கொடுக்க டாக்டரும் இல்லை.

நிமிர்த்தினாள். நாலு நிறத்தில் நாலு கோடுகள். ரவுண்டானா வரும் இடம் வரை விரலால் தள்ளிக்கொண்டு போனாள். முதலில் ஆக்ஸிலேட்டரைத் தேடினாள், அதாவது தன் காலை. நடுக்கம் எங்கே? வேன் குறுக்கே வந்த இடத்தில் கோடு மெல்ல இறங்கியது, படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற மாதிரி. எங்கும் உதறவில்லை, வெட்டவில்லை. திரும்பத் திரும்பப் பார்த்தாள். அது நல்ல கால். நன்றாக ஓட்டுகிற ஒருத்தியின் கால். இத்தனை வாரமாகத் தன்னையே வைது வைது குறுகிப்போனவள் அந்தக் கோட்டை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். சந்தோஷம்தான், கூடவே அவர் மேல் பொங்கிக்கொண்டு வந்த கோபமும்.

அப்புறம்தான் நாலாவது கோட்டைப் பார்த்தாள். பாதித் தொட்டி என்று நேராகப் போய்க்கொண்டிருந்த பெட்ரோல் கோடு, எஞ்சின் குலுங்குவதற்குச் சற்று முன்னால், பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்து, மறுபடி பாதிக்கு வந்து நின்றது. எஞ்சின் விழுந்தது அந்தக் கோடு விழுந்த பிறகுதான்.

தொட்டியிலிருக்கும் பெட்ரோல் ஒரு நொடியில் காலியாகி மறு நொடி நிறையுமா? அவளுக்குத் தெரிந்த கோடு இது. படுத்திருக்கும் நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் கோடு செத்துப்போகும், புதிதாக வந்த நர்ஸ் அலறுவாள். அக்கா ஓட மாட்டாள். ஆளைப் பார்ப்பாள், அப்புறம் நெஞ்சில் ஒட்டிய வயரைப் பார்ப்பாள். நெஞ்சு இப்படி ஒரேயடியாக விழாது. வயர்தான் விழும்.

"பெட்ரோல் தொட்டிக்குப் போற வயர் எந்தப் பக்கமாங்க போகுது?"

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

"தொட்டி பின்னாடி. வயரு கார்ப்பெட்டுக்கு அடியில வரும். பம்பு, அளவு காட்டறது எல்லாம் ஒரே கத்தையா," என்றவர் கையைக் கீழே காட்டினார். "இந்த சீட்டுக்கு அடியிலதான்."

அந்த சீட்டில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். அவள் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். தண்டவாளத்தின் கடைசிப் பல்லுக்குத் தள்ளிய சீட்டு, நீட்டிய மாவுக்கட்டு, அதற்குப் பக்கத்தில் மடங்கியிருந்த நல்ல கால். அந்தக் காலுக்கு நேராகத் தரை விரிப்பு மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. பெரிய சிஸ்டர் உட்கார்ந்தபோது ஏன் ஓடியது, மெக்கானிக் ஓட்டியபோது ஏன் ஓடியது என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவள் சாவியைத் திருகினாள். வண்டி நின்ற இடத்திலேயே எஞ்சின் சீராக ஓடியது. போனை அவர் பார்க்கும்படி பிடித்தாள்.

"இப்போ பிரேக் போடுங்க."

"யாரு?"

"நீங்கதான்."

"எங்க இருக்கு பிரேக்கு இங்க?"

"எப்பவும் போடுவீங்களே, அங்கதான். வேன் குறுக்க வந்துடுச்சு. பாத்து."

அவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கேலி செய்கிறாள் என்று முகம் சுருங்கியது. ஆனால் லாரிக்காரர் கால், பாத்து என்ற சொல்லைக் கேட்டதும் தானாகப் போய்த் தரையை மிதித்தது. முழு உடம்பும் பின்னால் போய் சீட்டில் அழுந்தியது. போனில் பெட்ரோல் கோடு பொத்தென்று விழுந்தது. எஞ்சின் இரண்டு தடவை இருமியது. நின்றது.

அவர் தன் காலைப் பார்த்தார். மெதுவாக எடுத்தார். கோடு எழுந்து பாதியில் நின்றது. அவள் மறுபடி எஞ்சினைக் கிளப்பினாள். இந்தத் தடவை யாரும் சொல்லாமல் அவரே மிதித்தார். மறுபடியும் நின்றது.

இறங்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மாவுக்கட்டை ஒரு பக்கம் நீட்டித் தரையில் உட்கார்ந்து, சீட்டை முன்னுக்குத் தள்ளிக் கார்ப்பெட்டைத் தூக்கினார். சீட்டு நகரும் தண்டவாளத்தின் பின்நுனிக்கு நேர் கீழே வயர்க் கத்தை நசுங்கிக் கிடந்தது. பம்புக்கும் அளவுக்கும் பொதுவான ஒரு வயரின் தோல் கிழிந்து, உள்ளே செம்பு இழைகள் பாதி அறுந்து, மிச்சம் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன. அவர் அதை விரலில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவளுக்குக் கேட்க எவ்வளவோ இருந்தது. சாம்பாரில் இரண்டு தடவை விழுந்த உப்பு வரைக்கும் இருந்தது. ஆனால் அவர் முந்திக்கொண்டார்.

"நீ நல்லாதான் ஓட்டற," என்றார், வயரைப் பார்த்தே. "மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படிப் பேசினீங்க?"

"தெரியல. இந்தப் பக்கம் உக்காந்து பழக்கமில்ல. நீ ஓட்டிட்டுப் போற, நான் மூட்ட மாதிரி கெடக்கறேன். இனிமே லாரி ஏறுவேனான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறாரு. கார் இல்லன்னா இதெல்லாம் பாக்க வேணாமேன்னு தோணுச்சு." வயரைக் கையிலிருந்து விட்டுவிட்டு, "அசிங்கமான நெனப்புதான்," என்றார்.

அவளுக்குக் கோபம் போய்விடவில்லை. அவ்வளவு சீக்கிரம் போகவும் கூடாது என்று நினைத்தாள். ஆனாலும் மாடிக்குப் போய் அவருடைய கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வயரை வெட்டி, இழை இழையாகத் திரித்து, ஈயம் வைத்து, டேப் சுற்றி, தண்டவாளம் தொடாத தூரத்துக்குக் கத்தையை நகர்த்திக் கட்டினார். அந்தக் கை ஒரு தடவைகூட அவசரப்படவில்லை. லாரிக்காரர்கள் வைத்த பெயருக்கு அர்த்தம் உண்டு என்று அவளுக்கு அப்போதுதான் மறுபடி ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்றபடியே கிளினிக்குக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, காது மட்டும் இங்கே இருந்தது.

"ஓட்டிப் பாக்க வேணாமா?" என்றார் எல்லாம் முடிந்து.

ஏறினார்கள். சீட்டு பழையபடி கடைசிப் பல்லில். ரவுண்டானாவில் இப்போது வேன் இல்லை, முட்டை வண்டி ஒன்று முன்னால் திடீரென்று தயங்கியது. அவள் வேகத்தைக் குறைத்தாள். பக்கத்தில் தொம்மென்று ஒரு மிதி விழுந்தது. எஞ்சின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அது பாட்டுக்கு ஓடியது. அவர் காலைத் தூக்கி மாவுக்கட்டுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ஒப்பந்தப்படி வாயைத் திறக்கவில்லை.

புறவழிச் சாலையில் ஏறும்போது அவர் போன் அடித்தது. நாத்தனார். ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, ஞாயித்துக்கெழம காலைலயே வந்துடறோம். வண்டிக்கு ஏதாவது வேல பாக்கணுமா, இல்ல அப்படியே எடுத்துக்கலாமா?"

"வர்றதுன்னா சாப்பிட வாங்கம்மா. கார் குடுக்கறதுக்கில்ல."

"ஏன், கோளாறு கெடச்சுடுச்சா?"

நிதானம் ரோட்டைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார்.

"கெடச்சுது. உங்க அண்ணிகிட்ட ஒண்ணுமில்ல. கூடம்தான் கோணல்," என்றார். "வண்டில பிரேக்கு ஒண்ணு கூடுதலா இருந்துச்சு. நான் போட்டுட்டிருந்தேன்."

நாத்தனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்ன அண்ணா, என்ன என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். ஈசிஜி அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கியரை மாற்றினாள். காலையில் அந்தக் கிளினிக்குக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்துவிட்டு வரலாம் என்று நேராகவே ஓட்டினாள்.